ஸ்டேஷன் பசங்களும் சொல்யூஷனும்: பாலக்காடு – வாளையார் பக்கம் ஃபீல்டுக்கு வர்றவங்க கேக்கற கேள்விகள்

தமிழ்நாடு – கேரளா எல்லையான வாளையார் தாண்டி கேரளாவுல இந்தப் பக்கம், ஒலவக்கோடு ஸ்டேஷன் (போர்டுல பாலக்காடு ஜங்ஷன்னு இருக்கும், ஊர்க்காரங்களுக்கு இன்னும் ஒலவக்கோடுதான்), டவுன் பஸ் ஸ்டாண்டு, கஞ்சிக்கோடு கம்பெனி ஏரியா, கொழிஞ்சாம்பாறை சந்தை, இங்கெல்லாம் சுத்தற, போதை எடுக்கற தெருப் பசங்களோடதான் என் வேலை. கோயம்புத்தூர்ல எம்எஸ்டபிள்யூ (சமூகப்பணி) படிக்கற பிள்ளைங்க ஃபீல்டு வொர்க்னு வருவாங்க, ஊர்ல சேவை பண்ணணும்னு சிலர் வருவாங்க, எல்லாரும் ஒரே கேள்விகளைத்தான் கேப்பாங்க. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம், அதான் எழுதி வச்சுட்டேன்.

இந்தப் பசங்க போதைக்கு என்னதாங்க எடுக்கறாங்க?

முதல்ல பீடி, அப்புறம் ஹான்ஸ், கூல் லிப்புன்னு வாயில அடக்கற புகையிலை பாக்கெட்டுங்க. கேரளா 2012லயும் தமிழ்நாடு 2013லயும் குட்காவுக்குத் தடை போட்டாச்சு, ஆனா கிடைக்குது. அடுத்தது சொல்யூஷன், அதாவது பஞ்சர் ஒட்டற ரப்பர் பசை, துணியில பிழிஞ்சோ கவர்ல ஊத்தியோ வாயும் மூக்கும் வச்சு இழுக்கறது. அது கிடைக்காத அன்னைக்கு பெயிண்ட் தின்னர், பெட்ரோல். வொயிட்னரையும் தின்னரையும் பாட்டில்ல வச்சு சில்லறையா விக்கக் கூடாதுன்னு 2012ல மத்திய அரசு தடை போட்டுச்சு, சரி, ஆனா சேலம் – கொச்சி ஹைவேல பஞ்சர் கடை இல்லாம எத்தனை கிலோமீட்டர் போயிடுவீங்க? அப்புறம் கள்ளு. தமிழ்நாட்டுல 1987லயே கள்ளை நிறுத்தியாச்சு, இங்க சித்தூர் தோப்புகள்ல தினமும் இறக்கறாங்க, கேரளால பாதி ஷாப்புக்கு இங்கிருந்துதான் போகுதுன்னு இந்தப் பக்கம் பெருமையாவே சொல்லுவாங்க. கொஞ்சம் வளந்த பசங்க கிட்ட கஞ்சா, தூக்க மாத்திரை, வலி மாத்திரையும் இருக்கும்.

2013ல தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்துக்காக எய்ம்ஸ் டாக்டருங்க நாடு முழுக்க போதை எடுக்கற 4,024 பிள்ளைங்களைப் பாத்துப் பேசி ஒரு ஆய்வு பண்ணாங்க. அதுல 100க்கு சுமார் 83 பேர் புகையிலை, 68 பேர் மது, கஞ்சாவும் இந்த மாதிரி மோந்து பாக்கற ஐட்டமும் தலா 35 பேர். 2019ல வந்த தேசிய சர்வேல இன்னொண்ணு தெரிஞ்சுது, மத்த எல்லா போதையும் பெரியவங்க கிட்டதான் ஜாஸ்தி, இந்த இழுக்கற ஐட்டம் மட்டும் தலைகீழ், பிள்ளைங்கள்ல 1.17 சதவீதம், பெரியவங்கள்ல 0.58. மலிவு, ஈஸியா கிடைக்கும், வச்சிருந்தா கேஸ் கிடையாது. சின்னப் பையன் கையில வேற என்ன வரும்?

ஏன் எடுக்கறாங்க? கெட்ட சகவாசமா?

சகவாசம் பாதி. மீதியை அவன்கிட்டயே கேளுங்க, சொல்லுவான். ஒருத்தன் எனக்குச் சொன்னது, "அக்கா, இது அடிச்சா பசிக்காது, கொசு கடிக்கறது தெரியாது, ராத்திரி யாராச்சும் வந்து எழுப்பினா பயம் இருக்காது." பசி, கொசு, பயம், மூணே வார்த்தைல மொத்த கேஸ் ஹிஸ்டரியும் வந்துடுச்சு, நான் நாலு பக்கம் ஃபார்ம் ஃபில்லப் பண்ணி அதைக் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன்.

சொல்யூஷன் அவனுக்கு என்ன வேலை பாத்துக் குடுக்குதோ அந்த வேலையைப் பாக்க நீங்க வேற ஒண்ணைக் குடுக்கணும். பசிக்காக எடுக்கறவனுக்கு நேரத்துக்கு சோறு, பயத்துக்காக எடுக்கறவனுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கற ரூமு. இதைக் கண்டுபிடிக்காம "விட்டுடு தம்பி, உடம்புக்குக் கெடுதல்"னு சொல்றது, மழையில நனையறவன் கிட்டப் போய் குடையை மட்டும் வாங்கிட்டு வர்ற மாதிரி.

முதல் நாள் எப்படிப் பேச்சை ஆரம்பிக்கறது?

பேசாதீங்க. நிஜமாத்தான் சொல்றேன், முதல் வாரம் போதையைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், போய் உக்காருங்க. ஐடி கார்டைக் கழுத்துல தொங்க விடாதீங்க, நோட்டை எடுக்காதீங்க, போட்டோ எடுக்கவே எடுக்காதீங்க (சட்டப்படியும் தப்பு, சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவு பிள்ளையோட அடையாளம் வெளில போகக் கூடாதுன்னு சொல்லுது, ஆனாலும் ஆபீஸ் குரூப்ல போட ஒரு செல்ஃபி எடுக்கறவங்க வருஷத்துக்கு ஒருத்தராவது வர்றாங்க).

நான் ஒரு சின்ன டப்பா வச்சிருக்கேன், பஞ்சு, டெட்டால், ஆயின்ட்மென்ட், நகவெட்டி. பிளாட்பாரக் கடைசில தண்ணிக் குழாய் கிட்ட உக்காந்து புண்ணு கழுவி விடறதுதான் என் எண்ட்ரி. பதினோரு வயசு இருக்கும் ஒருத்தனுக்கு, அஞ்சு நாள் தூரமா நின்னு பாத்தான், ஆறாவது நாள் வந்து காலை நீட்டினான், பேச்சே இல்ல. சட்டையோட வலது கைப்பக்கம் மட்டும் அட்டை மாதிரி விறைச்சு இருந்துச்சு, பசை காஞ்சு காஞ்சு. வாயைச் சுத்தி வட்டமா சொறி. பன்னு குடுத்தேன், வாங்கிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டான். வாயெல்லாம் புண்ணு, மெல்ல முடியலைன்னு எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆச்சு. மறுநாள் ஆறின கஞ்சி கொண்டு போனேன், உப்பு கம்மியா போட்டு. நின்னபடியே மடக் மடக்னு குடிச்சுட்டு தூக்குப்போசியைக் கழுவிக் குடுத்துட்டுப் போனான். அன்னைக்குதான் பேரு சொன்னான், அதுவும் பொய்ப் பேரு. பரவால்ல, அந்தப் பேரைச் சொல்லியேதான் மூணு மாசம் கூப்பிட்டேன்.

எப்படிக் கூப்பிடறதுன்னும் கேக்கறாங்க. "தம்பி", "கண்ணு", "சாமி", நம்ம பக்கம் வீட்டுல எப்படியோ அப்படி. "டேய்" வேணாம், அது போலீஸும் பார்சல் ஆபீஸ்காரங்களும் கூப்பிடற பேரு.

போதையில இருக்கறப்போ பாத்துட்டேன், உடனே என்ன பண்ணணும்?

துரத்தாதீங்க. இந்தப் பக்கத்துல ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீங்கன்னா இதைப் படிங்க. பசை, தின்னர், பெட்ரோல் இதுங்களோட ஆவி இதயத்தை ரொம்ப நொய்ஞ்ச நிலைக்குக் கொண்டு போயிடும், அந்த நேரத்துல அவன் பயந்து ஓடினா ரத்தத்துல அட்ரினலின் ஏறும், ரெண்டும் சேந்து துடிப்பு தாறுமாறாகி நின்னாலும் நின்னுடும். ரொம்ப நாள் இழுக்கறவனுக்குத்தான்னு இல்ல, முதல் தடவை இழுக்கறவனுக்கும் ஆகலாம். நானே வேலைக்கு வந்த புதுசுல ஒருத்தன் பின்னாடி "நில்லு தம்பி, நில்லு"ன்னு ஓடியிருக்கேன், அவன் தண்டவாளத்துல குதிச்சு அந்தப் பக்கம் போறதுக்கும் கூட்ஸ் வர்றதுக்கும் சரியா இருந்துச்சு. அன்னைக்கு அவனுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு ரெண்டு நாள் கை நடுக்கம் நிக்கல.

கத்தாம, மெதுவா, பக்கவாட்டுல போய் உக்காருங்க. காத்து வர்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போக முடிஞ்சா சரி. பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்காம பாத்துக்கோங்க, சட்டை முழுக்க ஆவி, குப்புனு பிடிச்சுக்கும். தூங்கி விழறான்னா இடது பக்கமா சாய்ச்சுப் படுக்க வைங்க, வாந்தி எடுத்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிடக் கூடாது. மயக்கத்துல இருக்கறவன் வாயில தண்ணி, மோர், எலுமிச்சம்பழம் எதுவும் ஊத்தாதீங்க. எழுப்பினா எந்திரிக்கல, மூச்சு விட்டு விட்டு வருது, வலிப்பு, உதடு நீலம், இதுல எது இருந்தாலும் 108. நினைவோட இருக்கறான்னா போதை தெளியற வரைக்கும் கூட இருங்க, அட்வைஸ் நாளைக்கு.

கையில இருக்கற பசை ட்யூபைப் பிடுங்கி வச்சுக்கலாமா?

பிடுங்கினா இன்னொண்ணு வாங்குவான், அதுக்குக் காசு வேணும், அதுக்கு என்ன பண்ணுவான்னு யோசிச்சுக்கோங்க. அவனே குடுத்தா வாங்கிக்கோங்க. எங்க செண்டர்ல வாசல்ல ஒரு பெயிண்ட் டப்பா இருக்கு, உள்ள வர்றப்போ அதுல போட்டுட்டு வரணும், போறப்போ கேட்டா என்ன பண்றதுன்னு எங்களுக்குள்ளயே சண்டை நடந்திருக்கு. திருப்பிக் குடுக்கறதில்லைன்னு முடிவு பண்ணோம், ஆனா அதை முதல் நாளே அவங்ககிட்டச் சொல்லிட்டோம், ஏமாத்தி வாங்கல. ஒரு வாரம் வாசலோட திரும்பிப் போனவன் அடுத்த வாரம் வெளியிலயே எங்கயோ ஒளிச்சு வச்சுட்டு உள்ள வந்தான். நாலு மணி நேரம் உள்ள இருந்தா நாலு மணி நேரம் இழுக்கலைன்னு கணக்கு, எனக்கு அது போதும்.

காசு குடுக்கலாமா?

வேணாம். சாப்பாடு, துணி, செருப்பு.

போலீஸுக்குச் சொன்னா பையன் மேல கேஸ் ஆயிடுமா?

இந்தப் பயத்துலதான் பாதிப் பேர் யார்கிட்டயும் சொல்றதில்ல. 18 வயசுக்குக் கீழ இருக்கற, பாத்துக்க ஆள் இல்லாத, போதைக்குப் போற அபாயத்துல இருக்கற பிள்ளையை 2015 சிறார் நீதிச் சட்டம் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படற குழந்தைன்னு சொல்லுது, குற்றவாளின்னு சொல்லல. போலீஸ் கூட்டிட்டுப் போனாலும் நீங்க கூட்டிட்டுப் போனாலும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள குழந்தைகள் நலக்குழு முன்னாடி நிறுத்தணும். அந்தக் குழுல தலைவரோட சேத்து அஞ்சு பேர், அவங்கதான் முடிவு பண்ணுவாங்க.

கேஸ் வர வேண்டியது குடுத்தவன் மேல. பிள்ளைக்கு மது, போதைப்பொருள், புகையிலை குடுத்தா 77வது பிரிவு, பிள்ளையை வச்சு விக்கவோ கடத்தவோ செஞ்சா 78, ரெண்டுலயும் 7 வருஷம் வரைக்கும் கடுங்காவல், 1 லட்சம் வரைக்கும் அபராதம். இந்த 78ஐ இந்தப் பக்கம் வேலை பாக்கறவங்க மனப்பாடமாவே வச்சிருக்கணும். ஆந்திரா மலைல இருந்து வர்ற கஞ்சா ரயில் வழியா கேரளாவுக்குள்ள நுழையற முக்கியமான வாசல்ல ஒண்ணு ஒலவக்கோடு, பையை ஒரு பொடியன் கிட்டக் குடுத்து "அந்த கம்பார்ட்மென்ட்ல உக்காரு, இறங்கறப்போ வாங்கிக்கறேன்"னு சொல்றவங்க இருக்காங்க, மாட்டினா அந்தப் பொடியன்தான் மாட்டுவான். அப்படி மாட்டினவனுக்காகப் பேசறப்போ "அவனை யாரு உக்கார வச்சது"ன்னு கேக்கறதுதான் உங்க வேலை.

சொல்யூஷன் மட்டும் போதைப்பொருள் சட்டத்துலயே வராது. அதனால விக்கறவரை போலீஸ் ஸ்டேஷன்ல நிறுத்தறது கஷ்டம்.

அப்போ கடைக்காரரை என்னதான் பண்றது?

நேரா போய்ப் பேசுங்க, அதட்டாம. பஞ்சர் கடைச் சேட்டன் ஒருத்தர் கிட்ட போய், "டயர் இல்லாம பசை ட்யூப் மட்டும் கேக்கற பையனுக்குக் குடுக்காதீங்க, சேட்டா"ன்னேன். "நான் குடுக்கலைன்னா அடுத்த கடைல வாங்குவான் டீச்சரே"ன்னார். நியாயம்தான். அப்புறம் அவரே அந்த வரிசைல இருக்கற மத்த மூணு கடைக்கும் சொல்லி வச்சார், எப்படின்னு கேட்டா அவரோட பையனுக்கும் அதே வயசாம். ஆக்ரிக் கடைங்கதான் (பழைய சாமான் வாங்கற கடை) கஷ்டம். பொறுக்கிட்டு வர்ற பாட்டிலுக்கும் அட்டைக்கும் காசுக்குப் பதிலா பசை ட்யூபையே குடுக்கற ஆளுங்க உண்டு, அங்க பேச்சு வேலைக்கு ஆகாது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு யூனிட்டுக்கு எழுத்துல குடுங்க.

தமிழ்நாட்டுப் பையன், கேரளால கிடைச்சான். எந்தப் பக்கம் ஒப்படைக்கறது?

கிடைச்ச மாவட்டத்துலதான். பஸ் ஏத்தி வாளையார் அந்தப் பக்கம் இறக்கி விடறது தீர்வு இல்ல, தள்ளி விடறது. அப்படி ரெண்டு பக்கமும் பந்து மாதிரி உதைபட்ட பசங்களை நான் பாத்திருக்கேன். பாலக்காடு குழு விசாரிச்சு, ஊர் இன்னதுன்னு உறுதியானா அதே சிறார் நீதிச் சட்டம் 95வது பிரிவுப்படி அந்த ஊர்க் குழுவுக்கு ஆள் கூட அனுப்பி மாத்தி விடலாம். 1098க்கு (பிள்ளைங்களுக்கான ஹெல்ப்லைன்) கூப்பிட்டா எடுத்த உடனே எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த ஸ்டேஷன்னு சொல்லிடுங்க, எல்லைல நின்னு பேசறப்போ இது முக்கியம். ஸ்டேஷனுக்குள்ளன்னா ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) கிட்டயும் சொல்லணும்.

மொழிதான் உண்மையான பிரச்சனை. குழுல மலையாளத்துல கேப்பாங்க, பையனுக்குக் கேட்டாப் புரியும், ஆனா பயத்துல எல்லாத்துக்கும் "ஆமா" போட்டுடுவான். "வீட்டுல அச்சன் அடிக்குமோ?"ன்னு கேட்டாங்க ஒருத்தன்கிட்ட, தலையாட்டினான், எழுதிக்கிட்டாங்க. வெளில வந்து நான் தமிழ்ல கேட்டா, அப்பாவே இல்லைங்கறான், அடிச்சது மாமா. எழுதினதை மாத்த இன்னொரு நாள் போக வேண்டியதாப் போச்சு. கூட உக்காந்து மொழிபெயர்க்க ஆள் வேணும்னு முதல்லயே கேளுங்க, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் ரெண்டு மொழியும் வீட்டுலயே பேசற டீச்சருங்க நிறைய இருக்காங்க.

மாத்திரை குடுத்தா சரியாயிடுமா? எத்தனை நாள் ட்ரீட்மெண்ட்?

சொல்யூஷனுக்குன்னு தனி மருந்து கிடையாது. விட்டதும் ஒரு வாரம் ரெண்டு வாரம் எரிச்சல், தூக்கம் வராது, வேர்க்கும், குமட்டும், தலை வலிக்கும். அந்த நாட்கள்ல தண்ணி, சாப்பாடு, தூக்கம், பக்கத்துல ஒரு ஆள், இதுதான் மருந்து. ஆனா தினமும் குடிக்கறவனையும் தூக்க மாத்திரை போடறவனையும் திடீர்னு நிறுத்த வைக்காதீங்க, வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து, டாக்டர் கையிலதான் நிறுத்தணும். அதனாலதான் என்ன எடுத்தான், கடைசியா எப்போங்கறதைத் தெளிவாக் கேட்டு எழுதணும். சாதாரண யூரின் கிட்ல சொல்யூஷன் காட்டாது, "நெகட்டிவ்"னு வந்துச்சுன்னு அவனைப் பாராட்டிக் கேக் வெட்டின கதையும் நடந்திருக்கு.

ரொம்ப நாள் இழுத்தவனுக்கு நரம்பு, கிட்னி, மூளை எல்லாம் பாக்கணும். கால் மரத்துப் போகுது, நடை தள்ளாடுது, ரெண்டு நிமிஷம் முன்னாடி சொன்னது மறக்குதுன்னா சோம்பேறித்தனம்னு திட்டாம மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பெரியவங்களோட சேத்து டீ-அடிக்‌ஷன் வார்டுல போடாதீங்க, விட வந்த இடத்துல புதுசா நாலு ஐட்டம் கத்துக்கிட்டு வருவான், அதைவிட மோசமாவும் நடக்கும். எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியலைன்னா 14446, போதை மீட்புக்கான தேசிய ஹெல்ப்லைன், காசு இல்லாம பேசலாம்.

பொண்ணு பிள்ளைங்க?

கண்ணுல படறது கம்மி, இல்லைன்னு அர்த்தம் இல்ல. தெருவுல ஒரு பொண்ணு ஒரு வாரம் தனியா இருந்தா அதுக்குள்ள யாரோ ஒருத்தர் "பாத்துக்கறேன்"னு வந்திருப்பாங்க, அந்த ஆள்தான் போதையும் குடுக்கறது. பெண் பணியாளர்தான் பேசணும். பாலியல் கொடுமைன்னு தெரிஞ்சா போக்சோ 19வது பிரிவுப்படி சொல்லியே ஆகணும், யோசிக்க இடமே இல்ல. பசங்களுக்கும் இதேதான், பசங்கள்ல இது இல்லைன்னு நினைக்கறவங்க ராத்திரி பதினொரு மணிக்கு மேல ஒரு தடவை பிளாட்பாரத்துக்கு வந்து பாருங்க. அதனால "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க. "உன்னைக் காப்பாத்தணும்னா சிலது சிலர்கிட்டச் சொல்லுவேன், சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்டச் சொல்லிடுவேன்"னு சொல்லுங்க.

கஷ்டப்பட்டு ஹோம்ல சேத்தோம், மறுபடி ஓடிட்டான். எல்லாம் வேஸ்ட்டா?

ஓடுவான். முதல் தடவை கிட்டத்தட்ட எல்லாருமே ஓடுவாங்க. ஏன் ஓடினான்னு பாருங்க: ஆறு மணிக்குக் கதவைப் பூட்டறாங்க, மொட்டை அடிச்சாங்க, கூட இருந்த சிநேகிதனை வேற ஹோம்ல போட்டாங்க, இல்ல கல்பாத்தித் தேர்த் திருவிழா வந்துடுச்சு, அவ்வளவுதான், பலூன் வித்தா நாலு காசு கிடைக்குமே. திரும்பி வர்றப்போ "எத்தனை தடவைடா உனக்கு"ன்னு கேட்டுட்டா நாலாவது தடவை அவன் வர மாட்டான். நான் கேக்கற கேள்வி ரெண்டுதான், "சாப்பிட்டயா?", "போன தடவை எத்தனை நாள் இழுக்காம இருந்தே?" நாலு நாள்னு சொல்லுவான். அந்த நாலு நாள் எப்படி இருந்தான்னு அவன் வாயாலயே சொல்ல வச்சா, அடுத்த ப்ளான் அதுலயே இருக்கும். கஞ்சி குடிச்சான்னு சொன்னேனே, அவன் ஏழு தடவை ஓடினான். இப்போ கஞ்சிக்கோட்டுல ஒரு ஒர்க் ஷாப் பக்கத்துல இருக்கற ஷெல்டர்ல வாரத்துல அஞ்சு ராத்திரி படுக்கறான், காலைல ஸ்கூலுக்குப் போறான், மீதி ரெண்டு ராத்திரி எங்கன்னு நான் இன்னும் கேக்கல.

ஸ்கூல்ல, ஸ்டேஷன்ல விழிப்புணர்வு ப்ரோக்ராம் வைக்கலாமா?

வைங்க, ஆனா கெட்டுப்போன நுரையீரல் படத்தைக் காட்டிப் பயமுறுத்தறது தெருப் பிள்ளைங்ககிட்ட எடுபடாது, அதைவிடப் பயமான ராத்திரியை அவங்க பாத்தாச்சு. ஜூன் 26 போதை ஒழிப்பு நாளுக்கு பேனர் பிடிச்சு ஊர்வலம் போனா கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகும். அந்தப் பேனர் துணியை மட்டும் எங்ககிட்டக் குடுங்க, மழைக்கு ஆகும்.

ஃபீல்டுக்கு வர்றப்போ என்ன எடுத்துட்டு வரணும்?

தண்ணி ரெண்டு பாட்டில், வாழைப்பழம் (நேந்திரம் வேணாம், வாய்ப்புண்ணுக்கு பூவன்தான் இறங்கும்), பஞ்சு, ஒரு கேரம் செட், எழுதாத நோட்டு, கலர் பென்சில், ஊசி நூல். பிஸ்கட் எல்லாரும் கொண்டு வர்றாங்க, போதும். காலைல அஞ்சரைக்கு வந்தா தெளிஞ்சு இருப்பாங்க, பேசலாம், ஒன்பதுக்கு மேல வந்தா பொறுக்கப் போயிடுவாங்க, சாயங்காலம் வந்தா பேச்சு ஏறாது. செருப்பு யாராச்சும் குடுத்தா 3, 4, 5 சைஸா கேட்டு வாங்கிட்டு வாங்க, அதுதான் இப்போ சுத்தமா ஸ்டாக் இல்ல.